கூப்பிடு தூரத்தில் காவிரி

கடிதம்: வணக்கம் ஐயா. எங்கள் காடு (விவசாய நிலம்) ஈரோட்டுப் பக்கம் கொடுமுடிக்கு மேற்கே இருக்கிறது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் புளியங்கொட்டையை இடித்துத் தின்றதாக எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொல்வார். கூப்பிடு தூரத்தில் காவிரி ஓடுகிற ஊரில் எப்படி ஐயா பஞ்சம் வந்தது? எங்கள் காட்டில் ‘பஞ்சத்துக் கிணறு’ என்று ஒன்று உண்டு. அப்போது வெட்டியதாக இருக்குமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தாது வருஷம் 1876இல் பிறந்தது. 1871இல் கோவை ஜில்லாவில் சுமார் 17.6 லட்சம் பேர், 1881இல் 16.6 லட்சம். சேலம் ஜில்லாவில் 19.7 லட்சம் 16 லட்சமாகிவிட்டது. அதே காவிரி பாய்கிற தஞ்சாவூரிலோ 19.7 லட்சம் 21.3 லட்சமாக ஏறியிருக்கிறது! குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்ல, பிழைக்கப் போனவர்களும் உண்டு. இருந்தாலும் ஒரே ஆறு, இரண்டு கணக்கு.

காரணம் மேடு பள்ளம்தான். நம் பக்கம் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, காடு மேட்டில் கிடக்கிறது. கம்பும் சோளமும் மழையை நம்பி, மிச்சம் கிணற்றை நம்பி. மழை பொய்த்து ஊற்றும் வற்றினால் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டி எதை இறைப்பது? மாடும் தீவனமில்லாமல் விழுந்துவிடும். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்க வேண்டியதுதான். டெல்டாவில் நிலம் சமதளம், கல்லணை தொட்டு வாய்க்கால் வலை விரிந்து கிடக்கிறது. ரயில் 1860களிலேயே ஈரோட்டுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். சரி, தானியமும் வந்தது. விளைச்சல் போய்க் கூலியும் போனவன் கையில் வாங்கக் காசு ஏது?

நம்மிடமும் ஒரு வாய்க்கால் இருந்தது. பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, 1283 வாக்கில் கொங்கு நாட்டுத் தலைவன் காலிங்கராயன் வெட்டிய சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால். எனக்கு அந்த ஆளின் மேல் தனி மரியாதை. ஆனால் அது நனைப்பது ஆற்றை ஒட்டிய பட்டையைத்தான். மேட்டுக்காட்டுக்கு எல்பிபி எனும் கீழ்பவானி வாய்க்கால் வந்தது 1950களில், தாது வருஷத்துக்கு ஏறக்குறைய 80 வருஷம் கழித்து.

கிணறு எப்போது வெட்டியது என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தாதுவுக்கு அப்புறமும் பஞ்சம் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள்: அது காலிங்கராயன் வாய்க்காலுக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய பட்டையில் இருக்கிறதா, மேற்கே மேட்டுக்காட்டிலா?