16,570 கோடி டாலரில் ஆராய்ச்சி எவ்வளவு?

கேள்வி: இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம் (உயிரித் தொழில்நுட்பம் சார்ந்த பொருட்கள், சேவைகளின் மதிப்பு) 2014-ல் 1,000 கோடி டாலர், 2024-ல் 16,570 கோடி டாலர் என்று படித்தேன். அப்படியென்றால் பயோடெக் ஆராய்ச்சியும் பதினாறு மடங்கு வளர்ந்துவிட்டதா? - கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லைம்மா. அது சந்தை மதிப்பு. பெட்ரோலில் கலக்கும் எத்தனால், தடுப்பூசி விற்பனை, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி எல்லாம் அதில் சேரும். ஆராய்ச்சிக் கணக்கு வேறு. ஆராய்ச்சியைக் கணக்கெடுக்க உலக நாடுகள் பின்பற்றும், 1963 முதல் புழக்கத்தில் இருக்கும் பிராஸ்காட்டி கையேடு, முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரியாமல், புதிதாக ஒன்றைத் தேடிச் செய்யும் வேலையைத்தான் ஆராய்ச்சி என்கிறது. மருந்து ஆலையில் தினமும் நடக்கும் தரப் பரிசோதனை, அதே லேப், அதே கருவி என்றாலும், அதில் வராது.

அப்புறம், எது பயோடெக்? உயிருள்ளவற்றைக் கொண்டு பொருள் செய்வது என்று மட்டும் சொன்னால் இட்லி மாவும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு 2005-ல் வரையறையோடு மரபணு, புரதம், திசு வளர்ப்பு என்று நுட்பங்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தது.

நம்மைப் போன்ற நாட்டில் பெரிய குழப்பம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த வைரஸில் தொடங்கி, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க அரசு, கேட்ஸ் அறக்கட்டளை, பாரத் பயோடெக் என்று பலர் பணம் போட்டு, டெல்லி, புனே, வேலூரில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்து, 2015-ல்தான் வெளியே வந்தது. ஆராய்ச்சிச் செலவென்று பணம் கொடுத்தவரும் எழுதி, வேலை செய்தவரும் எழுதினால் ஒரே ரூபாய் இரண்டு முறை விழும். அதனால் வேலை செய்த இடத்தில்தான் கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும், பணம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாலும் சரி. இன்னொன்று, முப்பது வருட உழைப்பை ஒரு வருடக் கணக்கில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: ஆராய்ச்சியை அளக்கக் காப்புரிமைகளை எண்ணினால் போதாதா? - வாசகர், மதுரை

பதில்: போதாது. நம் சட்டப்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமையே கிடையாது, எனவே வேளாண் பல்கலைக்கழகங்கள் பாடுபட்டு உருவாக்கும் பயிர் ரகங்கள் அந்த எண்ணிக்கையில் வராது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இன்னொரு பக்கம், புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால், அந்த இரண்டு வருடமும் நம் பாட்டி வைத்தியம் அமெரிக்கக் கண்டுபிடிப்பாகவே கணக்கில் இருந்திருக்கும்.