பிளைண்டில் ராஜா ஜோடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் சாலை அடைபட்டால், குன்னூரில் நாங்கள் ஐந்து பேர் டெக்சஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) ஆட உட்கார்ந்துவிடுவோம். காசு கிடையாது, ஆளுக்கு 200 சில்லு, பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் சில்லு) 1-2. பெரிய பிளைண்டில் ராஜா ஜோடி வந்தால், யாராவது ரெய்ஸ் செய்தாலும் (பந்தயத்தை ஏற்றினாலும்) காட்டிக்கொள்ளாமல் கால் (அதே அளவு வைப்பது) மட்டும் செய்கிறேன். அடிக்கடி தோற்கிறேன், ஜெயித்தாலும் சில்லறைதான். எங்கே பிசகு?

ஆர்., குன்னூர்

அன்புள்ள ஆர்.,

அந்தக் கால் செய்வதில்தான். ரம்மிப் பழக்கம் என்று நினைக்கிறேன். அங்கே கையை மறைத்து ஷோ காட்டினால் போதும். இங்கே பாட் (நடுவில் சேரும் பந்தயச் சில்லு) சிறுத்துவிட்டால் நல்ல கைக்கும் கூலி கிடையாது.

பட்டனில் (சீட்டுப் பிரிப்பவர் இடத்தில்) இருப்பவர் 6 வைக்கிறார், சின்ன பிளைண்ட் ஃபோல்ட் (சீட்டை எறிந்து விலகுகிறார்). நீங்கள் கால் செய்தால் பாட் 13, உங்களிடம் மீதி 194. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். செக் செய்தால் (எதுவும் வைக்காமல் விட்டால்) அவரும் செக் செய்து அடுத்த சீட்டை இனாமாகப் பார்த்துவிடுவார். மாறாக 24க்கு ஏற்றி, அவர் கால் செய்தால் பாட் 49, மீதி 176. பிறகு சுற்றுக்குச் சுற்று பாட்டில் பாதி வைத்து வந்தாலே ரிவருக்குள் ஏறக்குறைய மொத்தமும் உள்ளே போய்விடும். பட்டனில் உட்கார்ந்து ஏற்றுவதென்றால் எதிராளி வைத்ததில் மூன்று மடங்கு போதும், பிளைண்டில் நான்கு. முதலில் பேசும் நஷ்டத்துக்கு அந்தக் கூடுதல்.

ரெய்ஸே இல்லாமல் மூன்று பேர் 2 வைத்து நுழைந்திருந்தால் 8, அதோடு நுழைந்தவர் ஆளுக்கு 2 சேர்த்து 14க்கு ஏற்றுங்கள். இங்கே கஞ்சத்தனம் கூடாது. ராஜா ஜோடி ஒருவரை எதிர்த்தால் 100க்கு 82 தடவை ஜெயிக்கும். நால்வரை எதிர்த்தால் சுமார் 50தான்.

சின்ன பிளைண்டில் கால் இன்னும் மோசம். பின்னால் இருக்கும் பெரிய பிளைண்ட் மலிவாக உள்ளே வந்துவிடுவார்.

ஏஸ்-ராஜாவையும் 24க்கு ஏற்றலாம். உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் வழி ஆறிலிருந்து மூன்றாகிறது. ராஜா ஜோடிக்கும் அப்படியே. ஆனால் ஃப்ளாப்பில் ஜோடி விழுவது மூன்றுக்கு ஒரு தடவைதான். விழாமல் ராணி-7-2 போல உதிரியாக வந்தால் 16 வைத்துப் பாருங்கள். கால் வந்தால் டர்னில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஜாதியில் 8-9-10 வந்தால் அந்த 16கூட வீண்.

ராஜா ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது 100க்கு 23 தடவை. உடனே எறிய வேண்டாம்: செக், அவர் வைத்தால் ஒரு கால்.

சில்லு 40க்கு இறங்கிவிட்டால் 24 வைக்காதீர்கள். மீதி 16ஐக் கையில் வைத்துக்கொண்டு ஃபோல்ட் செய்யவே முடியாது. நேராக 40ஐயும் தள்ளிவிடுங்கள்.