பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

கேள்வி: அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. போன வாரம் படம் சுருங்கி, திரையின் நடுவே படுக்கைவாட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், “பிளக்கைப் பிடுங்கி ரெண்டு நாளாச்சு, இனி ஷாக் அடிக்காது” என்று பின்மூடியைக் கழற்றப் பார்க்கிறான். விடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: தனியாக விடாதீர்கள், சகோதரி. கோடு தெரிந்தது என்றாலே பிக்சர் டியூபுக்குப் போகும் ஹை வோல்டேஜ் நன்றாக இருந்திருக்கிறது. அது 20,000 வோல்ட் அளவில் இருக்கும். டியூபின் கண்ணாடிக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் கறுப்புப் பூச்சு உண்டு. அதனால் டியூபே ஒரு பெரிய கெபாசிட்டர், அதாவது மின்சார்ஜைத் தேக்கி வைக்கும் பொருள். சில செட்டில் சார்ஜ் தானாக வடியும், சிலதில் நாள்கணக்கில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பிளக்கே செருகாத செட்டில் அதற்கு வேலை இல்லை.

பழகிய மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையன் கற்றுக்கொள்ளட்டும். டியூபின் முதுகில் பின்னல் போட்ட வெறும் கம்பி ஒன்று ஓடும். ஒரு ஒயரின் ஒரு முனையை அதில் கிளிப் போட்டு, மறுமுனையை நீளமான, நல்ல பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரின் இரும்பில் கட்ட வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஹை வோல்டேஜ் ஒயர் டியூபில் சேரும் இடத்திலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, உள்ளே இருக்கும் கொக்கியைத் தொட வேண்டும். சார்ஜ் இருந்தால் ‘டப்’பென்று பொறி பறக்கும். சத்தம் வராவிட்டாலும் இறங்கிவிட்டதாக நம்பக்கூடாது. சில நிமிஷம் விட்டு மறுபடி தொட வேண்டும், ஏனென்றால் மிச்ச சார்ஜ் மெல்ல ஏறும். பின்னல் கம்பிக்குப் பதிலாகச் சர்க்யூட் போர்டில் ஒயரைக் கிளிப் போடக்கூடாது, ஐ.சி. (சிப்) போய்விடும்.

அடுத்து, கரன்ட் உள்ளே வரும் இடத்தில் நிற்கும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர். 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. அதில் இருக்கும். சுத்தமாகச் செத்த செட்டில்தான் இது அதிகம் தேங்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு ஒயரையும் கெபாசிட்டரின் கால்களில் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உங்கள் செட்டில் பெரும்பாலும் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐ.சி. போயிருக்கும், அல்லது அதன் காலில் சால்டர் விட்டிருக்கும். சின்ன வேலைதான். டியூபின் கழுத்தில் மட்டும் எதுவும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது உடைந்தால் மாற்று டியூப் கிடைப்பது இப்போது ரொம்பக் கஷ்டம்.