ஏற்றத்தில் இயந்திரம் அலறுகிறது, வேகம் ஏறவில்லை: சி.வி.ரி. காரில் கியர் விகிதம் எப்படி மாறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் எனது வேகன் ஆர் காரின் இயந்திரம் அலறுகிறது, ஆனால் வேகம் கூடுவதில்லை. கியர்பொக்ஸ் வழுக்குகிறது, மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். சி.வி.ரி. காரில் கியர் விகிதம் உண்மையில் எப்படி மாறுகிறது?"

கியர்பொக்ஸை மாற்றுவதற்கு நீங்கள் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்றால், தயவுசெய்து இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நல்ல நிலையிலுள்ள சி.வி.ரி. (படிகள் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் தானியங்கிக் கியர்பொக்ஸ்) ஒன்றின் இயல்பான நடத்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் மெக்கானிக் அல்ல, கொழும்பில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை. காரைப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று சிலர் கேட்பார்கள். அதே கேள்வியை, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களிடமும் கேட்க வேண்டும் என்பதே எனது பதில். கராஜ்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. எனது காரைக் காப்பாற்றியவரும் ஒரு மெக்கானிக்தான்.

2019 டிசம்பர் விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எனது காரும் சி.வி.ரி.தான், நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவரும் பின்னால் மகளும் மாமனாரும் இருந்தார்கள். கிதுல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில், முன்னால் போன லொறியை முந்துவதற்காக ஆர்முடுக்கியை அழுத்தினேன். இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று காட்டும் சுழற்சிமானியின் முள் 4,000க்குப் போய் அங்கேயே நின்றது. இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, வேகம் மெதுவாகத்தான் ஏறியது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் லேலண்ட் பஸ்ஸை இருபத்தேழு வருடம் ஓட்டிய என் மாமனார் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "பிள்ளை, கிளச் வழுக்குது. காரை ஓரங்கட்டுங்கோ" என்றார். நான் உடனே ஓரங்கட்டினேன்.

அவருடைய காது பிழையில்லை. மனுவல் கியர் உள்ள பஸ்ஸில் ஒரு கியரில் போகும்போது இயந்திரத்தின் சுழற்சியும் சில்லின் சுழற்சியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்று ஏறினால் மற்றதும் அதே அளவுக்கு ஏறியாக வேண்டும். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், இடையில் ஏதோ வழுக்குகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதமே கணத்துக்குக் கணம் மாறக்கூடிய வாகனத்தில் அந்தத் தர்க்கம் செல்லாது. பௌதிகவியல் படிப்பிக்கும் நானும் அந்த வீதியோரத்தில் இதை யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது.

சி.வி.ரி.க்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே பார்த்தபடி இருக்கும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. ஒரு தட்டு தண்டோடு நிலையாக இருக்கும், மற்றது எண்ணெய் அமுக்கத்தால் தண்டின் வழியே நகரும். தட்டுகள் நெருங்கினால் நடுவிலுள்ள பெல்ட் பிதுங்கி வெளி விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் தண்டை நோக்கி உள்ளே இறங்கும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் ஒரு கப்பியில் அது ஏறும்போது மற்றதில் இறங்கியே ஆக வேண்டும். வசதிக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இயந்திரப் பக்கக் கப்பியில் பெல்ட் 30 மில்லிமீற்றர் ஆரையிலும் சில்லுப் பக்கக் கப்பியில் 75 மில்லிமீற்றர் ஆரையிலும் ஓடினால் விகிதம் 2.5. அதாவது இயந்திரப் பக்கம் இரண்டரைத் தரம் சுற்றினால்தான் மற்றப் பக்கம் ஒரு தரம் சுற்றும், அங்கே முறுக்கம், அதாவது சுழற்றும் வலிமை, ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். ஆரைகள் இடம் மாறினால் விகிதம் 0.4. இவ்விரண்டுக்கும் நடுவில் முதலாம் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே இல்லை. 1.37 தேவையென்றால் 1.37, அடுத்த கணம் 1.36.

கொழும்பில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் இதே தத்துவம்தான். அவற்றில் றப்பர் பெல்ட், எண்ணெய் அமுக்கத்துக்குப் பதிலாகச் சுழலும்போது வெளியே தள்ளப்படும் சிறு உருளைகள். காரிலும் இது றப்பரில்தான் தொடங்கியது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958 இல் காட்சிக்கு வைத்த டாஃப் 600 காரில் றப்பர் பெல்ட்டுகள் இருந்தன. அந்நிறுவனத்தின் ஹப் வான் டோர்ன் பின்னர் உருக்குப் பெல்ட்டை உருவாக்கினார், அது 1987 இல் சுபாரு ஜஸ்ரி போன்ற கார்களில் சந்தைக்கு வந்தது. இந்த உருக்குப் பெல்ட் மெல்லிய உருக்கு வளையங்களில் பல நூறு சிறு உருக்குத் துண்டுகளை நெருக்கமாகக் கோத்து வைத்தது போன்றது. சாதாரண பெல்ட் இழுத்து வேலை செய்யும். இதில் ஒரு துண்டு முன்னாலுள்ள துண்டைத் தள்ளித் தள்ளியே வலு கடத்தப்படுகிறது. பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையில் பற்கள் எதுவும் இல்லை. உருக்கும் உருக்கும் எண்ணெயில் நனைந்தபடி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதை நம்பித்தான் முழுக் காரும் ஓடுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், எண்ணெயைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

உங்கள் காரைப் பற்றி இன்னொரு விடயம். இலங்கையில் அதிகம் காணப்படும் வேகன் ஆர் கார்களின் சி.வி.ரி.யில், பெல்ட்டுக்குப் பின்னால் இரண்டு படிகள் கொண்ட சிறு பற்சில்லுத் தொகுதி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஜட்கோ நிறுவனம் 2009 இல் அறிவித்த இந்த அமைப்பில் விகிதம் ஏறக்குறைய 4.0 இலிருந்து 0.55 வரை, அதாவது 7.3 மடங்கு விரிகிறது. அந்தப் படி மாறும்போது மெல்லிய குலுக்கல் ஒன்றை நீங்கள் உணர்ந்தால் அதையும் பழுதென்று எண்ண வேண்டாம்.

இனி அந்த அலறலுக்கு வருகிறேன். மனுவல் காரில் ஓட்டுநர் விகிதத்தைத் தெரிவு செய்கிறார், இயந்திரத்தின் சுழற்சி அதன்படி அமைகிறது. சி.வி.ரி.யில் முறை தலைகீழ். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதிலிருந்து எவ்வளவு வலு தேவையென்று கணினி கணித்து, அந்த வலுவைத் தரக்கூடிய சுழற்சிக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கார் வேகம் எடுக்க எடுக்க விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. வலு என்பது முறுக்கத்தினதும் கோண வேகத்தினதும் பெருக்கம் என்பதால், 660 சிசி போன்ற சிறிய இயந்திரம் ஏற்றத்தில் ஆட்களோடு ஏறுவதற்கு அதிக சுழற்சியில் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொழும்பு–காலி வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் மெதுவாகப் போகும்போது அதே கணினி சுழற்சியை மிகக் கீழே இறக்கி எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அப்போது சத்தம் கேட்காததால் நாம் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இதை நான் எண்களால் சரிபார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் மகள் ரயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட, காரை மெல்ல உருட்டி, கோடு மீண்டும் தரையைத் தொட்ட இடம் வரை தையல் நாடாவால் அளந்தோம்: 1.8 மீற்றர். ஏற்றத்தில் மணிக்கு 45 கிலோமீற்றரில் போனபோது சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 417 தரம் சுற்றியிருக்கிறது. இயந்திரம் 4,000. சில்லு வரையுள்ள பற்சில்லுகளையும் சேர்த்து மொத்த விகிதம் 9.6. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் மணிக்கு 90 கிலோமீற்றரில் சீராகப் போனபோது சில்லு 833, இயந்திரம் 2,000. மொத்த விகிதம் 2.4. ஒரே கார் தனது விகிதத்தை நான்கு மடங்கு மாற்றியிருக்கிறது, நான் ஒரு நெம்பைக்கூடத் தொடவில்லை. இந்த அளவீடு மட்டும் வழுக்கல் இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது என்று யாராவது சொன்னால் அது சரிதான். ஆனால் முள் 4,000இல் நிற்பது வழுக்கலுக்கு நிரூபணம் ஆகாது என்பதும் அதே அளவுக்குச் சரி.

துரதிர்ஷ்டவசமாக, இந்தக் கணக்கை நான் செய்தது தவறு நடந்த பிறகு. ஹட்டனிலிருந்து திரும்பிய அடுத்த நாளே ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன். பெயர் எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பொக்ஸ் போயிட்டுது மிஸ், பஞ்சிகாவத்தையில் பழைய ஒன்று எடுத்துப் போடலாம்" என்றார். நான் தயங்கியதால், முதலில் எண்ணெயை மாற்றிப் பார்ப்போம் என்று, சாதாரண ஓட்டோ (படிகள் கொண்ட தானியங்கி) கியருக்கான எண்ணெயை ஊற்றினார். ஒரு கிழமைக்குள், சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும் ஒவ்வொரு தடவையும் கார் உதறத் தொடங்கியது. அதுவரை எனது கியர்பொக்ஸில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் பற்சில்லுகளுக்கும் கிளச் தட்டுகளுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டது. சி.வி.ரி. எண்ணெய் மசகாகவும் இருக்க வேண்டும், அதே நேரம் உருக்குத் துண்டுகள் கப்பியைப் பற்றுவதற்குத் தேவையான உராய்வையும் தர வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வேலைகளுக்காகவே அதன் சேர்மானம் அமைக்கப்படுகிறது. பிழையான எண்ணெயில் பெல்ட் நுண்ணிய அளவில் வழுக்கிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். அந்தக் கீறலைப் பிறகு எந்த எண்ணெயாலும் அழிக்க முடியாது.

கொட்டாஞ்சேனையில் ஒருவரைப் பற்றி சக ஆசிரியை சொல்லி அங்கே போனேன். அவர் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் பொருத்தி என்னையும் பார்க்கச் சொன்னார். திரையில் இரண்டு கப்பிகளின் சுழற்சியும், கணினி கேட்ட விகிதமும், உண்மையில் கிடைத்த விகிதமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போனதைக் காட்டி, பெல்ட் இன்னும் பிடிக்கிறது என்றார். பின்பு எண்ணெயின் அளவுக்கோலை உருவி வெள்ளைக் கடதாசியில் துடைத்து, அது சி.வி.ரி. எண்ணெய் இல்லை என்று நிறத்தை வைத்தே சொன்னார். ஒரு தடவை வடித்தால் முழு எண்ணெயும் வெளியே வராது என்பதால், சரியான எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு, மறுபடி வடித்து ஊற்றினார். உதறல் நின்றது. மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று மட்டும் மணிக்கு 30 கிலோமீற்றரில் இன்றைக்கும் கேட்கிறது. அதற்குச் சில மாதங்களில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அவ்வளவு காலமும் அந்தக் காரைத்தான் ஓட்டினேன்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. சரியான எண்ணெயின் பெயர் எனது காரின் கையேட்டிலேயே இருந்தது. கையேடு ஜப்பானிய மொழியில் இருந்ததால் வாங்கிய நாளிலிருந்து அது டாஷ்போர்டுப் பெட்டியில் அப்படியே கிடந்தது. கடைசியில் மகள் கைத்தொலைபேசியின் கமெராவை அந்தப் பக்கத்தின் மேல் பிடித்து மொழிபெயர்த்துக் காட்டினாள். இத்தனை ஆயிரம் ஜப்பானியக் கார்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றவர்கள், எண்ணெய், ரயர் அமுக்கம், எச்சரிக்கை விளக்குகள் ஆகிய மூன்றையாவது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம். அது எவ்வளவு சிறிய செலவு!

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்வா, பிரியஸ் கார்களிலும் சி.வி.ரி. என்றே சொல்லப்படுகிறது, ஆனால் அங்கே பெல்ட்டும் இல்லை, கூம்புக் கப்பியும் இல்லை. கோள்பற்சில்லுத் தொகுதி ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். நான் எண்ணெயைப் பற்றி எழுதியதை அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

உங்களுக்கு: சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது சுழற்சிமானியின் முள் தானாக ஏறி இறங்குகிறதா, புறப்படும்போது உதறுகிறதா, புதிதாக ஊளைச் சத்தம் கேட்கிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் காரைக் காட்டத்தான் வேண்டும். எதுவும் இல்லையென்றாலும், கியர்பொக்ஸை மாற்றச் சொன்னவரிடம் ஸ்கானரில் கேட்ட விகிதத்தையும் கிடைத்த விகிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். கடுகண்ணாவையில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ் கியர் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இயந்திரமே காரைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம்.

கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள், அன்று ஊற்றிய ரின்னின் மேல் என்ன எழுதியிருந்தது என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ரின்னை அவர்கள் வீசியிருந்தால் பில்லையாவது தேடிப் பாருங்கள்.