ஓசியாவை மத்தேயு திரித்தாரா?

கேள்வி: 'எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்' என்ற வசனம் குழந்தை இயேசுவிடம் நிறைவேறியதாக மத்தேயு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். அந்த வசனம் வரும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் 11-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், அது மோசே காலத்தில் எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலரைப் பற்றிய பேச்சு. இது பித்தலாட்டம் இல்லையா?

பதில்: ஓசியாவைத் திறந்து பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். மேடையில் இந்த வசனத்தை முழங்குகிறவர்கள் பலர் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் மத்தேயுவுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். 'இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது' என்றுதான் அந்த வசனமே தொடங்குகிறது. யூத வேதத்தில் ஊறிய வாசகர்களிடம் அந்தப் பாதியை ஒளித்துவைக்க முடியுமா?

தீர்க்கதரிசனம் என்றதும் நாம் ஜோசியத்தை நினைத்துக்கொள்கிறோம்; வம்பே அதில்தான். ஓசியாவின் அடுத்த வசனத்தையும் படியுங்கள். வரவழைக்கப்பட்ட பிள்ளையான இஸ்ரவேல், பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடப் போய்விட்டது. அதே எகிப்துக்கு இன்னொரு மகனான இயேசு போய்த் திரும்புகிறார், இவர் வழிதவற மாட்டார் என்பது மத்தேயுவின் வாதம். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோன் இடத்தில், பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜா. இஸ்ரவேலர் கடந்த செங்கடல் இடத்தில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதி. வனாந்தரத்தில் இஸ்ரவேலரின் 40 வருடத்துக்குப் பதில் இயேசுவின் 40 நாள். பாதியில் நின்ற கதை இவரிடம் நிறைவு பெற்றது என்கிறார். இப்படிப் படித்தவர் அவர் ஒருவர்தானா? 1947-இல் சாக்கடல் ஓரத்துக் குகையில் கிடைத்த சுருள்களில் ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்துக்கு ஓர் உரை இருக்கிறது. அதை எழுதிய யூதக் குழுவும் பழைய வசனங்களைத் தங்கள் காலத்துக்கே பொருத்திப் படித்திருக்கிறது.

இயேசு பெத்லகேமில் பிறந்ததற்கு மத்தேயு மீகா தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டுவது வேறு ரகம். மீகா வரப்போகும் ஆளுநரைப் பற்றியே பேசுகிறார். அங்கே உங்கள் ஆட்சேபம் செல்லாது.

ராமா என்ற ஊரில், இஸ்ரவேலரின் மூதாய் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுத வசனத்தில் ஒரு நுணுக்கம். எரேமியா தீர்க்கதரிசி அதைப் பாடியது சிறைப்பட்டுப் போன மக்களுக்காக. பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டபோது மத்தேயு அதை எடுத்தாள்கிறார். எகிப்துப் பயணத்துக்கு 'நிறைவேறும்படி' என்றவர், இங்கே 'அப்பொழுது நிறைவேறிற்று' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். வசனம் பலிக்கவேண்டும் என்பதற்காகக் குழந்தைகள் செத்தார்கள் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை போலும்.

இதையெல்லாம் யூதர்கள் ஏற்கவில்லை. ஏற்கவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. கிறிஸ்தவர்கள் இயேசுவை நம்பிவிட்டுப் பின்னோக்கிப் படிக்கிறார்கள். அதை விசுவாசம் என்று சொல்லுங்கள், மறுத்து வாதாடுங்கள். பித்தலாட்டம் என்ற சொல் பொருந்தாது.

சரி, மத்தேயுவை மடக்கத்தான் வேண்டும் என்றால் நாசரேத்துக்குப் போயிருக்கவேண்டும். இயேசு அந்த ஊரில் குடியிருந்ததைச் சொல்லும்போது, 'நசரேயன் என்னப்படுவார்' என்று தீர்க்கதரிசிகள் சொன்னதாக எழுதுகிறார். அப்படி ஒரு வசனம் பழைய ஏற்பாட்டில் எங்குமே இல்லை. ஏசாயா 11-இல் வரும் 'கிளை' என்பதற்கான எபிரெயச் சொல் 'நேட்சர்', அந்த ஒலியைத்தான் மனதில் வைத்தார் என்று ஒரு விளக்கம் உண்டு. நம் பழைய தமிழ் வேதாகமம் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது: முடி வெட்டாமல் விரதம் காத்த சிம்சோனுக்கும் அதில் 'நசரேயன்' என்றுதான் பெயர். திராட்சரசம் குடித்த இயேசு எப்படி அந்த விரதக்காரர் ஆவார்? அடுத்த முறை போதகரைப் பார்க்கும்போது ஓசியாவை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.