ரிவர்ஸ் சென்சார் கத்தவில்லை, ‘அப்படித்தான் சார்’ என்கிறார்கள்

கேள்வி: போன வருஷம் புது கார் வாங்கினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் சில நேரம் பீப் அடிக்கிறது, சில நேரம் சத்தமே இல்லை. போன வாரம் என் பேரன் காருக்குப் பின்னால் குந்தி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். அப்போதும் சத்தம் வரவில்லை. மனைவி அலறியதால்தான் பிரேக் அடித்தேன். சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டிவிட்டேன், ‘சாஃப்ட்வேர் அப்படித்தான் சார்’ என்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?
– திண்டுக்கல் வாசகர்

பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று புரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வண்டிகளின் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் புகார் நிற்கும்.

பம்பரில் இருக்கும் அந்த வட்டப் பொட்டுகள், நம் காதுக்கு எட்டாத ஒலியை (சுமார் 40 கிலோஹெர்ட்ஸ்) அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருப்பவை. ஒரு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் ஒலி போய்வர கிட்டத்தட்ட 6 மில்லி விநாடி. அந்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பொட்டு இருப்பது முழங்கால் உயரத்தில், அங்கிருந்து ஒலி கூம்பு மாதிரி விரிகிறது. பம்பருக்கு ஒட்டிக் கீழே குந்தியிருக்கும் குழந்தை அந்தக் கூம்புக்குள் வராமலே போகலாம். இன்னொன்று, ஒலியை அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் சென்சாருக்குக் கேட்காது. அதனால் மிக அருகில் இருக்கும் பொருள் தப்பிவிடும். போதாக்குறைக்குத் துணி ஒலியை உறிஞ்சிவிடும். ஆக, பேரன் விஷயத்தில் நல்ல சென்சாரும் பேசாமல் இருந்திருக்கலாம். அதை மட்டும் சொல்லிச் சண்டை போட்டால் சுலபமாக உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரே பொருளுக்கு, ஒரே தூரத்தில், ஒரு முறை கத்தி ஒரு முறை கத்தாமல் இருப்பது அப்படி இல்லை. அது பழுது. புகார் அதன் மேல்தான் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே நிரூபிக்கலாம். இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு 75 மி.மீ. பிவிசி பைப் எடுங்கள். சோதனைக்கூடங்களில் வைப்பதும் இதே தடிமன் குழாய்தான். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஆஃப் செய்து, இக்னிஷன் மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் உட்காரட்டும். பம்பரிலிருந்து ஒரு மீட்டர், அரை மீட்டர் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் நேராகப் பைப்பை நிறுத்திப் பாருங்கள். பத்து முறை வைத்து எத்தனை முறை பீப் வந்தது என்று எழுதுங்கள். தேதி தெரிகிற மாதிரி ஒரே ஷாட்டில் வீடியோவும் எடுங்கள்.

கியர் ரிவர்ஸில் இருக்கும்போதே ஒவ்வொரு பொட்டின் மேலும் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். உயிரோடு இருக்கும் சென்சாரில் டிக் டிக் என்று மெல்லிய துடிப்பு தெரியும். ஒரு முறை என்னிடம் வந்த காரில் நான்கில் இரண்டு செத்த மாதிரி கிடந்தன. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. பம்பருக்கு மறுபடி பெயின்ட் அடித்தபோது பொட்டுகளின் மேலும் தடியாக அடித்துவிட்டிருந்தார்கள். உங்கள் பம்பரில் அப்படி ஏதும் நடந்ததா, வெளியில் வாங்கிய பம்பர் கார்டு (பாதுகாப்புக் கம்பி) மாட்டியிருக்கிறீர்களா, சேறு காய்ந்து கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கம்பெனி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

அடுத்து ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதும் தாள். வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. ‘ரிவர்ஸ் சென்சார் விட்டுவிட்டு வேலை செய்கிறது, பத்தில் இத்தனை முறை ஒலி இல்லை’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு முறை போய் வந்தும் ஒரு காகிதம்கூட இல்லையென்றால் எனக்கு வருத்தம்தான், மூன்றாவது முறை அப்படி விட்டுவிடாதீர்கள். பிறகு வீடியோவோடு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் சட்டப்படி கட்டாயம் (ஏஐஎஸ்-145 என்ற வாகனத் தரநிலை). இது ஆடியோ சிஸ்டம் மாதிரி சொகுசு அயிட்டம் இல்லை.

அதற்கும் அசையவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனியோடு பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கார் எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. தேவையானால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷம் கெடு, அதைத் தவறவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது உங்கள் காருக்கு. இதே மாடல் எத்தனை வாசல்களில் நிற்கிறதோ, அவர்களுக்காகவும் ஒரு புகார் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்தான பழுது இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் உரிமையாளர்களே பதிவு செய்யலாம். அந்த விதிகளில் பழுது என்பது சாஃப்ட்வேரையும் சேர்த்துத்தான். ‘சாஃப்ட்வேர் அப்படித்தான்’ என்ற பதில் அங்கே செல்லாது. புகார்களின் எண்ணிக்கை பார்த்துத்தான் விசாரணை நகரும் என்பதால் உங்கள் ஒரு பதிவுக்கும் எடை இருக்கிறது. அமெரிக்காவில் ரிவர்ஸ் கேமரா 2018 மே முதல் கட்டாயமானதே, தந்தை பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தை கேமரனின் பெயரில் வந்த சட்டத்தால்தான். அந்தப் பெற்றோர் விடாமல் கேட்டார்கள்.

வண்டி சரியாகும்வரை ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், பேரனை யாராவது கையில் பிடித்துக்கொள்ளட்டும். சென்சாரை மாற்றிக் கொடுத்தால், கழற்றியதன் பார்ட் நம்பரை பில்லில் எழுதச் சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த பிவிசி பைப்பை மறுபடி நிறுத்திப் பாருங்கள்.