தராசு யாரைப் பார்த்து நிற்கிறது? பணியிட நேர்மை குறித்த கேள்வி பதில்

நாகர்கோவில், மென்பொருள் குழுத் தலைவர்: ஐயா, தலைவர் நல்லவராக இருந்தால் போதாதா?

போதாது. பிரவுன், ட்ரெவினோ, ஹாரிசன் ஆகிய மூவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தன் நடத்தையில் நேர்மை காட்டுவதோடு, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதையும், பாராட்டிலும் கண்டிப்பிலும் அதை வலியுறுத்துவதையும் சேர்த்தே நெறிசார்ந்த தலைமையை வரையறுத்தார்கள்.

கருங்கல், அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) மேற்பார்வையாளர்: தொலி உரிப்பதற்கு எடைக்கணக்கில் கூலி தருகிறோம். கண்டிப்பைத் தளர்த்தினால் வேலை குறையாதா?

கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 300 முதல் 320 பருப்பு நிற்கும் 320-ஆம் தர முழுப்பருப்புக்குக் கிடைக்கும் விலை உடைந்த பருப்புக்குக் கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எடை போடுபவர் வேண்டியவருக்கு ஒரு விதமும் மற்றவருக்கு வேறு விதமுமாகக் கழிவு பிடித்தால், பக்குவமாக உரித்தும் பயனில்லை என்று கண்ட பெண், துண்டுகளைத் தட்டின் அடியில் தள்ளிவிட்டு எடையை மட்டும் பார்க்கத் தொடங்குவார். அதைச் சோம்பல் என்பது அநியாயம். தராசின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்கள்; கழிவு பிடித்தால் காரணத்தை அங்கேயே சொல்லி, அவருடைய அட்டையில் எழுதிக் கொடுங்கள். உபதேசக் கூட்டங்களைவிட (அவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை) இது பலன் தரும்.

குலசேகரம், ரப்பர் தோட்டக் கண்காணிப்பாளர்: தவறை உடனே சொன்னால் தண்டனை இல்லை என்று அறிவித்த பிறகு, பதிவேட்டில் தவறுகள் கூடிவிட்டன. முதலாளி கோபப்படுகிறார்.

கூடியது தவறா, அதைச் சொல்லும் துணிவா என்று முதலில் பாருங்கள். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் அஞ்சாமல் சொன்னதே காரணம் என்று அவர் விளக்கினார். உங்கள் தோட்டத்தில் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டதைப் பால்வெட்டுபவர் அன்றே சொன்னால் மருந்து பூசலாம். மறைத்தால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வெட்ட வரும்போதுதான் நட்டம் தெரியும்.

மார்த்தாண்டம், சிறு முந்திரி ஆலை உரிமையாளர்: நேர்மையாக நடந்தும் என் ஆலை நட்டத்தில்தான் ஓடுகிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தோட்டண்டியின் (ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டையின்) விலையை உங்கள் நேர்மை இறக்காது. வேலை நாட்களைக் குறைக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லோருக்கும் சுழற்சி முறையில் நாட்களைப் பங்கிட்டு, அந்தப் பட்டியலை வாசலில் ஒட்டுங்கள். அதில் உங்கள் உறவினர் பெயரும் இருக்கட்டும்.